இரண்டு சம்பளம், ஒரு உடம்பு

எங்கட வாசிப்பு வட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குக் கூடும். கொக்குவிலில் எங்களில் ஒருத்தியின் வீட்டு விறாந்தை. ஏழு பேர், ஒரு பாய், இரண்டு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு பிளாஸ்க் பிளேன்ரீ. ஒரு புத்தகத்தை எடுத்து ஆளுக்கு ஐந்து பக்கம் சத்தமாக வாசிப்பது, பிறகு கதைப்பது. தொடங்கின காலத்தில் ஒரு நாவலை மூன்று கிழமையில் முடித்த ஆட்கள் நாங்கள். இப்போது கையில் இருக்கிற நாவலில் நான்கு மாதமாக 112ஆம் பக்கத்தில் நிற்கிறோம்.

நாவலில் பிழையில்லை. வாசிக்கத் தொடங்கிப் பத்து நிமிசத்தில் யாரோ ஒருவர் தூணில் சாய்ந்து நித்திரையாகிவிடுவார். அவரைப் பார்த்து இன்னொருவர். வாசிக்கிற ஆளே ஒரு பந்தியை முடித்துவிட்டு அதே பந்தியைத் திரும்ப வாசித்த நாளும் உண்டு. கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் பகிடி. முதலில் தண்டம் வைத்தோம்: நித்திரை கொள்கிறவர் அடுத்த கிழமை எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிவர வேணும். ஒரு மாதம் போகமுதல் ஏழு பேருமே ரோல்ஸ் கடனாளிகள்.

அப்போதுதான் ஒருத்தி கேட்டாள்: “உண்மையாச் சொல்லுங்கோ, ஆராருக்கு எத்தினை வேலை?”

ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த ஆட்கள்தான். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. “சும்மா பின்னேரத்தில ஒண்டு செய்யிறன்” என்கிற அளவில்தான் அதுவரைக்கும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சுவரில் கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினோம். ஏழு பேருக்கும் சேர்த்துப் பதினான்கு வேலை வந்தது.

ஒருத்தி யாழ்ப்பாண ரவுணில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறாள். இரவு, லண்டனில் சொந்தக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடைக்குக் கணக்கு எழுதுகிறாள். அங்கே கடை பூட்டி பில்களைப் படம் எடுத்து அனுப்பும்போது இங்கே விடியப்புறமாகிவிடும். ஒருத்தி காலமை முன்பள்ளி ஆசிரியை (அங்கே தருவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, ‘கொடுப்பனவு’ என்பார்கள்), பின்னேரம் புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன், இரவு தையல். ஒருவர் ஒரு கட்டடத்தில் இரவுக் காவல், கிழமையில் இரண்டு பகல் பெயின்ற் அடிக்கப் போவார். ஒருவன் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிற கம்பனியில் இரவு போன் எடுக்கிறான், பகலில் வெப்சைற் செய்து கொடுக்கிறான். ஒருத்தி அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், பின்னேரமும் சனிக்கிழமையும் ஒரு ரியூட்டரியில் படிப்பிக்கிறாள். எங்களில் இளையவன், அவனைத் தம்பி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், பகலில் ஹாட்வெயார் கடை ஸ்ரோரில், ஆறு மணிக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டு டெலிவரி.

ஏழாவது ஆள், வீட்டுக்காரி. “எனக்கு ஒரு வேலைதானப்பா” என்றாள். அவளுடைய அப்பாவுக்குக் கிழமையில் இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வேணும். கூட்டிப்போவது, கூட்டிவருவது, உப்பில்லாமல் தனியாகச் சமைப்பது, இரவில் எழும்பிப் பார்ப்பது. அதை எந்த நிரலில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் வாதாடினோம். கடைசியில் அவள்தான் “விடுங்கோ, அது வேலையில்லை” என்று பேனையை வாங்கி வைத்தாள். அந்த இடம் அந்தத் தாளில் இப்பவும் வெறுமையாகக் கிடக்கிறது.

பிறகு மணித்தியாலங்களைக் கூட்டினோம். ஆகக் குறைந்தது அரச உத்தியோகக்காரி: கிழமைக்கு 58. காவலாளி அண்ணை 88. தம்பி கடையில் ஒன்பது மணித்தியாலம், ஆறு நாள். டெலிவரி ஐந்து மணித்தியாலம், ஏழு நாள். 89. கூட்டிவிட்டு அவனே “பிழையாக் கூட்டிப்போட்டன் போல” என்று திரும்பக் கூட்டினான். பிழையில்லை.

2021இல் உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டன. கிழமைக்கு 55 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வருகிற ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கிற ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர வேலையோடு தொடர்புபட்ட மரணங்கள் 745,000. இதை வாசித்துச் சொன்ன கோல் சென்ரர்க்காரன், “அப்ப எங்களில குறைஞ்ச ஆளே தப்பேல்லை” என்றான். சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எங்களுக்கு அந்தப் பின்னேரம் விளங்கின விசயம் இதுதான். இந்த நாட்டில் வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை மற்றும் காரியாலய ஊழியர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு லீவு என்கிறது. (புடவைக் கடைக்காரி ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள் நிற்கிறாள். அவளுடைய முதல் வேலையே சட்டப்படி பிழை. அது வேற கட்டுரை.) ஆனால் ஒரு முதலாளி பார்ப்பது தன்னுடைய கடையில் நடக்கிற மணித்தியாலத்தை மட்டும்தான். அவர் சட்டத்தை நூறு வீதம் மதித்து நடந்தாலும், மற்ற முதலாளியும் அப்படியே மதித்து நடந்தாலும், இரண்டும் வந்து சேர்கிற இடம் ஒரே உடம்பு. சம்பளச் சீட்டு ஒவ்வொன்றும் தன் பாதியைத்தான் காட்டும். கூட்டுத்தொகை ஒரு இடத்திலும் எழுதப்படுவதில்லை. அன்றைக்கு அந்தக் கலண்டர் தாளில்தான் முதல்தரம் எழுதப்பட்டது.

*

ஏன் இப்படி ஆனது என்று நீட்டி எழுதத் தேவையில்லை, வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அந்த வருசம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு நின்றது. 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 ஆனது. இப்போது பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். உண்மைதான். பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறுகிற வேகம் குறைவது. ஏறின விலை ஏறின இடத்திலேயே நிற்கிறது. தனியார் துறையில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் கூட்டப்பட்டது. அந்த 30,000இல் அறை வாடகை, பஸ், சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புகிறது, சீட்டுக் காசு என்று பிரித்துப் பாருங்கோ. நாங்கள் பிரித்துப் பார்த்தோம். இருபதாம் திகதியோடு முடிந்தது.

கட்டுநாயக்காவில் தைக்கிற எங்கட சிநேகிதி ஒருத்தி இதை எங்களைவிடத் தெளிவாகச் சொன்னாள். அவளுக்கு அடிப்படைச் சம்பளம் என்பது பெயருக்கு. ஓரியில்தான் சீவியம். ஓடர் குறைந்து ஓரியை வெட்டினவுடன், விடுமுறை நாட்களில் மான்பவர் ஆட்கள் மூலம் வேற ஃபக்ரரிகளுக்கு நாள்கூலிக்குப் போகத் தொடங்கினாள். முன்பு ஒரே இடத்தில் செய்த நேரத்தை இப்போது இரண்டு இடத்தில் செய்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நாங்கள் நினைத்தோம். இல்லை. ஓரி ஓரியாக இருந்தபோது அதற்கு ஒன்றரை மடங்கு காசு. மான்பவரில் ஒரு மடங்குதான். ஈபிஎப்பும் இல்லை. நிரந்தர வேலை என்றால் சம்பளத்தில் எங்கட பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், ஈரிஎப்புக்கு இன்னொரு 3 வீதம். இரண்டாவது வேலையில் இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. தம்பியை டெலிவரிக் கம்பனி ஊழியர் என்று சொல்வதில்லை, பங்காளர் என்று சொல்கிறது. பங்காளருக்கு லாபத்தில் பங்கு உண்டோ என்று அவன் ஒருநாள் கேட்டான். அதற்கு அப்பில் பட்டன் இல்லையாம்.

*

உடம்பு இதை எப்படிக் காட்டுகிறது என்பதைக் கொஞ்சம் விபரமாக எழுத வேணும். ஏனென்றால் எங்களில் ஒருவரும் “வேலையால் வருத்தம்” என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சின்ன வருத்தத்தைத்தான் சொன்னோம்.

புடவைக் கடைக்காரிக்கு இந்த வருசம் மூன்றாவது தரம் சலக்கடுப்பு. கடையில் பெண்களுக்கான ரொயிலற் மேல்மாடியில். கவுண்டரை விட்டுப் போவதென்றால் மனேஜரிடம் சொல்ல வேணும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். பத்து மணித்தியாலம் நின்ற கால் நரம்புகள் புடைத்துக் கிடக்கின்றன. இரவில் அதே ஆள் லப்ரொப்புக்கு முன்னால் குனிந்து இருக்கிறாள். “காலுக்கு ஒரு வேலை, கழுத்துக்கு ஒரு வேலை” என்பாள். முன்பள்ளி ரீச்சருக்குக் காலமை பதினொரு மணிக்கு முதல் சாப்பாடு. வயிற்றெரிவுக்குக் குளிசை அவளுடைய பையில் எப்பவும் இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ரொபியோடு சேர்ந்து. கோல் சென்ரர்க்காரனுக்குப் பகல் நித்திரை பழகவேயில்லை. பக்கத்து வீட்டில் மாபிள் வெட்டுகிறார்கள், கோயிலில் லவுட்ஸ்பீக்கர், அம்மா மீன்காரனோடு பேரம். நித்திரை வராத பகலை வீணாக்கக்கூடாது என்றுதான் அவன் வெப்சைற் வேலையையே எடுத்தான். எவ்வளவு விசர் வேலை என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

காவலாளி அண்ணைக்கு வயது 31. எங்கட ஊர் விளையாட்டுக் கழகத்தின் இரத்ததான முகாமுக்கு எல்லோரும் போனோம். பிரசர் பார்த்த தாதி இரண்டாவது தரம் பார்த்தார், மூன்றாவது தரம் டொக்டரைக் கூப்பிட்டார். 160க்கு 100. “தம்பி, நீங்கள் இரத்தம் குடுக்க ஏலாது, முதல்ல உங்களப் பாருங்கோ” என்று அனுப்பிவிட்டார்கள். நித்திரையில் இரத்த அழுத்தம் இயல்பாகக் கொஞ்சம் இறங்க வேணும். இரவு முழுக்க முழித்திருக்கிறவருக்கும், பகலில் துண்டு துண்டாகக் கொள்கிறவருக்கும் அந்த இறக்கம் சரியாகக் கிடைப்பதில்லை. இரவு வேலையைப் பற்றி இன்னொன்றும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2007இலும் பிறகு 2019இலும் அதைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் வைத்திருக்கிறது. அதே வகையில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியும் இருப்பதால் ஒருவரும் பயந்து ஓட வேண்டாம். ஆனால் இறைச்சியைக் குறைக்கச் சொல்ல எல்லாருக்கும் ஆள் இருக்கிறது. இரவு வேலையைக் குறைக்கச் சொல்ல ஆரிருக்கு?

அண்ணையை அரச வைத்தியசாலைக்கு எங்களில் இரண்டு பேர் கூட்டிப்போனோம். ஓபிடியில் நீள வரிசை. டொக்டர் நல்ல மனிதர், நேரம் இல்லாத மனிதர்.

“என்ன வேலை?”

“செக்யூரிட்டி.”

“நித்திரை எப்பிடி?”

“இருக்கு டொக்டர்.”

அவ்வளவுதான். காட்டில் ‘செக்யூரிட்டி’ என்று எழுதினார். பெயின்ற் அடிக்கிறது எழுதப்படவில்லை. வெளியே வந்து கேட்டோம், ஏன் அண்ணை சொல்லேல்லை என்று. “அவர் ஒரு வேலையை விடச் சொல்லுவார். எதை விடுறது?” என்றார். அது சரியான பதில். ஆனால் மருந்தைக் காலமை குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணைக்குக் காலமை என்பது எது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிளினிக் துண்டில் அடுத்த திகதி போட்டுத் தந்தார்கள். வேலைநாள், காலமை. இலவச வைத்தியம் எங்கட நாட்டின் பெரிய பேறு, அதில் சந்தேகமேயில்லை. ஆனால் நாள்கூலிக்காரருக்கு அந்த வரிசையில் நிற்கிற அரைநாள் இலவசம் இல்லை. மெடிக்கல் எடுத்துக் கொடுத்தால் ஒரு வேலை லீவு தரும். மற்ற வேலைக்கு மெடிக்கல் என்றால் என்னவென்றே தெரியாது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேணும். அந்த டொக்டருக்கும் பின்னேரம் இரண்டாவது வேலை உண்டு. பிரைவேற்றில் சனல் பண்ணிப் போனால் அவரையே பார்க்கலாம். பள்ளிக்கூட ஆசிரியர்கள் ரியூட்டரிக்குப் போகிறார்கள். விரிவுரையாளர்கள் ஆலோசகர்கள். இந்த நாட்டில் இரண்டாவது வேலை ஒன்றும் புதுசில்லை. மேலே இருக்கிறவர்களுக்கு அது முதல் வேலையைவிடக் கூடக் காசு தருகிறது, மரியாதையும் தருகிறது. எங்களுக்கு அது முதல் வேலையின் ஓட்டையை அடைக்கிற துணி. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான், நாங்கள் களைப்பு என்று சொன்னால் “எல்லாரும்தானே செய்யினம்” என்ற பதில் வருகிறது.

*

தம்பி விழுந்தது நவம்பரில். மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், ஐந்தேமுக்கால் இருக்கும். கடையில் கையெழுத்து வைத்துவிட்டு, அப்பை இன்னும் போடாமல், பரமேஸ்வராச் சந்தி பக்கம் வந்துகொண்டிருந்தான். ஓரமாக நிறுத்தியிருந்த உழவு இயந்திரப் பெட்டியில் நேரே போய் அடித்தான். பிரேக் பிடித்த அடையாளமே ரோட்டில் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். “கண்ணை மூடினது எனக்குத் தெரியாது, திறந்ததுதான் தெரியும்” என்கிறான் அவன். காறை எலும்பு முறிவு, கையில் பதினொரு தையல். ஹெல்மெற் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை இப்படி எழுதப்படுகிறது, வேறு மாதிரி எழுதப்படவில்லை.

1997இல் அவுஸ்திரேலியாவில் செய்த ஒரு ஆய்வு உண்டு. 17 மணித்தியாலம் தொடர்ந்து முழித்திருக்கிற ஆளின் கையும் மூளையும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ள ஆளின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்று கண்டார்கள். 24 மணித்தியாலம் முழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்குச் சமம். இங்கே வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் விடுகிற எல்லை 0.08. காலமை ஐந்தரைக்கு எழும்புகிற தம்பி, இரவு பத்தரைக்குக் கொத்துரொட்டிப் பார்சலோடு ஓடும்போது 17 மணித்தியாலம் முடிந்துவிடும். காவலாளி அண்ணை இரவு முழித்துவிட்டுப் பகலில் சாரத்தில் ஏறி நின்று பெயின்ற் அடிக்கிற நாட்களில் 24ஐத் தாண்டுகிறார். பொலிஸ் மறித்து ஊதச் சொன்னால் இரண்டு பேருமே சுத்தம்.

ஆனால் தம்பி விழுந்தது இரவு பத்தரைக்கு இல்லை, பகல் வெளிச்சத்தில். ஒருநாள் களைப்பு என்றால் ஒரு இரவு படுத்தால் போகும். அவன் பதினாலு மாதமாக ஒரு இரவுக்கு நாலரை மணித்தியாலம்தான் படுத்திருக்கிறான். வயது வந்த ஆளுக்கு ஏழு மணித்தியாலமாவது வேணும். சீட்டுக் கட்டாமல் விட்ட மாதிரி, அது சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறது.

பிறகு நடந்தது எங்களை அந்த விபத்தைவிட ஆட்டிப்போட்டது. ஹாட்வெயார் கடைக்குப் போய்க் கேட்டோம். மனேஜர் பாவம் பார்த்தார், பழங்கள் வாங்கிவந்து பார்த்தார். ஆனால், “அவன் சைன் ஓஃப் பண்ணிப்போட்டுத்தானே போனவன்” என்றார். டெலிவரிக் கம்பனிக்கு மெசேஜ் போட்டோம். இரண்டு நாள் கழித்துப் பதில்: அந்த நேரத்தில் அவர் அப்பில் இருக்கவில்லை. இரண்டுமே உண்மை. ஒரு வேலை முடிந்திருந்தது, மற்றது தொடங்கியிருக்கவில்லை. அந்தப் பதினைந்து நிமிசத்தில் அவன் ஒருவருடைய தொழிலாளியும் இல்லை. அடுத்தடுத்து இரண்டு கடிகாரத்துக்கு நடுவில் அவனுடைய தோள் முறிந்து கிடந்தது.

ஆறு கிழமை வேலையில்லை. கடை அரைச் சம்பளம் தந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேணும், தராத கடைகள்தான் கூட. மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு ஆறு பேரும் சேர்ந்து இரண்டு மாதம் கட்டினோம். அதைக் கட்டுவதற்காக எங்களில் இரண்டு பேர் கூடுதலாக என்ன செய்தார்கள் என்று ஊகிக்கலாம். ரியூட்டரிக்காரி ஞாயிறு காலமை வகுப்பும் எடுத்தாள். தையல்காரி நத்தார் ஓடர்களை எல்லாம் வாங்கிக்கொண்டாள். ஒருவரின் களைப்பு முறித்த எலும்புக்கு மற்றவர்கள் களைத்துக் காசு கட்டினோம். வேற வழி தெரியவில்லை.

*

புடவைக் கடைக்காரியின் அப்பா இதைக் கேட்டுவிட்டு, “நாங்களும் அப்பிடித்தானே வாழ்ந்தனாங்கள்” என்றார். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். காலமை நாலு மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணி இறைத்து, வெங்காயத்தைப் பார்த்து, குளித்து, வெள்ளை வேட்டியோடு பள்ளிக்கூடம் போனவர். பின்னேரம் திரும்பத் தோட்டம். மெய்தான். எங்கட ஊரில் வாத்தியாரும் கிளார்க்கும் தோட்டக்காரரும் ஒரே ஆளாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அவரோடு வாதாட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் போன பிறகு கதைத்தோம். அவருடைய இரண்டாவது வேலை அவருடைய சொந்த மண்ணில். மழை பெய்தால் அன்றைக்கு இறைப்பு இல்லை. மத்தியானம் பாயைப் போட்டு ஒரு மணித்தியாலம் படுக்கிறதுக்கு ஆரிட்டயும் கேட்கத் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தால் அணைத்ததுதான். தம்பிக்கு மழை பெய்தால்தான் ஓடர் கூட.

இன்னொன்றையும் அன்றைக்குக் கதைத்தோம், கொஞ்சம் கோபமாகவே. அந்த வாத்தியார் தோட்டத்தால் வரும்போது தேத்தண்ணி யார் போட்டது? வெள்ளை வேட்டியை யார் தோய்த்தது? வெங்காயம் நடவும் பிடுங்கவும் யார் குனிந்தது? அவளுடைய அம்மா கோழி வளர்த்து முட்டை விற்றவ, பாய் இழைத்தவ, சீட்டுப் பிடித்தவ, ஐந்து பிள்ளை பெத்தவ. அவவை யாரும் இரண்டு வேலை பார்த்தவ என்று சொன்னதில்லை. அவவின் முழங்கால் இரண்டும் இப்போது மடியாது. “அது வேலையில்லை” என்று எங்கட வீட்டுக்காரி பேனையை வாங்கி வைத்தது அப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேணும். ஏனென்றால் ஒருவரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

பொய்யைப் பற்றியும் எழுத வேணும். இரண்டு வேலை செய்கிற ஆளுக்கு மூன்றாவது வேலை, மறைக்கிறது. முதல் முதலாளிக்கு இரண்டாவது தெரியக்கூடாது. திணைக்களத்துக்கு ரியூட்டரி தெரியக்கூடாது. டொக்டருக்குத் தெரிந்தால் விடச் சொல்லுவார். வீட்டுக்குத் தெரிந்தால் அழுவினம். இந்தக் கட்டுரையில் ஒருவருடைய பெயரும் இல்லாததற்கும் அதுதான் காரணம். களைப்பைச் சொல்ல முடியாத இடத்தில் வேறு எதையாவது சொல்லப் பழகிவிட்டோம்: “லேசான காச்சல்”, “பஸ் பிந்திப்போச்சு”, “போன் சாச் இல்லை”. நண்பர்களுக்கும் அதையே சொன்னோம். கலியாண வீடுகளுக்குப் போகாமல் விட்டோம். எங்களில் ஒருத்தியின் காதல் இதில் முடிந்தது. சண்டையில்லை, துரோகமில்லை. கோல் எடுக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

இப்போது என்ன செய்கிறோம்? பெரிதாக ஒன்றுமில்லை. கலண்டர் தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் வந்தவுடன் ஆளாள் போன கிழமை மணித்தியாலத்தை எழுதுகிறோம், நித்திரை கொண்ட மணித்தியாலத்தையும் பக்கத்தில். ஒருவரையும் ஒருவரும் பேசுவதில்லை என்று ஒப்பந்தம். காவலாளி அண்ணை அடுத்த கிளினிக்கில் இரண்டு வேலையையும் சொன்னார். நாங்கள் பக்கத்தில் நின்று சொல்லவைத்தோம். வேற டொக்டர். அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, குளிசையை எழும்புகிற நேரத்துக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். பிரசர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பெயின்ற் வேலையை இரண்டு நாளிலிருந்து ஒரு நாளாக்கியிருக்கிறார். அந்த ஒரு நாள் காசுக்கு வீட்டில் எதைக் குறைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வாசிப்புக்கு முதல் அரை மணித்தியாலம் எல்லோரும் பாயில் படுக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். ரோல்ஸ் கடன் தள்ளுபடி. நாவல் 131ஆம் பக்கம்.

தம்பி ஏழாவது கிழமை திரும்ப ஓடத் தொடங்கினான். தாளில் 89 இப்போது 76. போன ஞாயிறு நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது கிளிநொச்சியிலிருந்து அவனுடைய அம்மா எடுத்தா. தோள் இன்னும் சரியாகத் தூக்க ஏலாததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் வைத்தான்.

“எங்க ராசா நிக்கிறாய்?”

“வாசிப்பு வட்டத்திலயம்மா.”

“நல்லது, நல்லது. கடை முடிஞ்சு வந்து நேரத்துக்குப் படுக்கிறியோ?”

“ஓமம்மா. ஒரு வேலைதானே.”

நாங்கள் ஆறு பேரும் புத்தகத்தைப் பார்த்தோம். மணி ஆறாகியிருந்தது, அப்பை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தான் போல. டிங் என்று ஓடர் விழுந்தது.

“அதென்ன சத்தம்?”

“ஒண்டுமில்லையம்மா, மெசேஜ்” என்று சொல்லிக்கொண்டு, மற்றக் கையால் ஹெல்மெற்றை எடுத்தான்.